அதிர்ந்தால் மூக்கு திறக்கும்... ஆஸ்துமா?

*'மருந்தே வேண்டாம், ஊதினால் போதும்' என்கிற கருவிகள் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கிவிட்டன. மூக்கில் அவை செய்வது என்ன? மார்பில் செய்யாதது என்ன?*

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையின் நுரையீரல் ஓ.பி.க்களில் நிற்க இடமிருக்காது. அங்கே அரை நாள் உட்கார்ந்திருந்தால், இப்படியொரு காட்சி எப்படியும் கண்ணில் படும். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கூட மகள். "என்னென்ன எடுத்துக்கிறீங்களோ எல்லாத்தையும் மேஜை மேல வைங்கம்மா" என்கிறார் டாக்டர். துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக வருகின்றன. கோவிட் காலத்தில் வாங்கிய மூன்று பந்து ஸ்பைரோமீட்டர். புகைக்குழாய் வடிவில், உள்ளே குண்டு உருளும் பிளாஸ்டிக் கருவி. மூக்கில் வைத்து மூச்சு விட்டால் 'உர்ர்' என்று அதிரும் இன்னொன்று. அமெரிக்காவிலிருக்கும் தம்பி அனுப்பியது. கடைசியாகப் பையின் அடியிலிருந்து ஓர் ஆரஞ்சு நிற இன்ஹேலர். டாக்டர் அதைத் திருப்பிப் பார்க்கிறார். முதுகிலிருக்கும் சின்னக் கட்டத்தில் 120 என்று இருக்கிறது. மொத்தமே 120 டோஸ் கொண்ட இன்ஹேலர் அது. வாங்கி மூன்று மாதமாகிறது.

"இத ஒரு தடவைகூட எடுக்கலையாம்மா?"

"அது பழக்கமாயிடும்னு சொன்னாங்க டாக்டர். இதுல மருந்தே இல்லையே, அதான் இதை ஊதிட்டிருக்கேன். மூக்கு நல்லா விட்டுடுது."

அவர் பொய் சொல்லவில்லை. மூக்கு விட்டுத்தான் இருக்கும். ஆனால், அவர் வந்திருப்பது மூக்குக்காக அல்ல; ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும் இழுப்புக்காக.

பையில் இருப்பது என்னென்ன?

பார்க்க ஒரே ரகம்போலத் தெரிந்தாலும், இந்தக் கருவிகள் வெவ்வேறு நோய்க்காக, வெவ்வேறு நாட்டில் பிறந்தவை. விற்கும்போதுதான் எல்லாம் ஒரே கூடையில் விழுகின்றன.

மூத்தது 'ஃப்ளட்டர்'. 1980-களில் சுவிட்சர்லாந்தில் உருவானது. குழாயின் தலைப்பகுதியைத் திருகித் திறந்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கூம்பு, அதில் ஓர் எஃகு குண்டு. அவ்வளவுதான், பேட்டரி இல்லை, சுவிட்ச் இல்லை. வாயில் வைத்து ஊதினால் காற்று குண்டைத் தூக்குகிறது. குண்டு தன் எடையால் விழுகிறது, மறுபடி எழுகிறது. நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை இப்படி எழுந்து விழுவதால், வெளியேறும் மூச்சுக்கு ஓர் எதிரழுத்தமும் மூச்சுக்குழாய் நெடுக ஓர் அதிர்வும் கிடைக்கின்றன. அழுத்தம், சிறு குழாய்கள் மூடிக்கொள்ளாமல் தாங்குகிறது. அதிர்வு, சுவரில் ஒட்டிய சளியைத் தளர்த்துகிறது. குழாயைச் சாய்த்துப் பிடிக்கும் கோணம் மாறினால் அதிர்வும் மாறும் என்பதால் பழகித்தான் ஊத வேண்டும். பின்னால் வந்த 'அகபெல்லா' இதே வேலையைக் காந்தத்தை வைத்துச் செய்கிறது, படுத்துக்கொண்டும் ஊதலாம். டென்மார்க்கில் பிறந்த 'பெப்' முகமூடியில் அதிர்வே கிடையாது, எதிரழுத்தம் மட்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரலில் கோந்துபோல் கட்டிக்கொள்ளும் சளியை வெளியேற்றத்தான் இவையெல்லாம் முதலில் பயன்பட்டன.

இரண்டாவது ரகம், மூக்குக்கென்றே வந்தவை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரிலுள்ள தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகளோடு பேசப்படும் 'சைனுசோனிக்', மூக்கின் மேல் வைத்து மூச்சு விடும் கைக்கருவி. ஒலி அதிர்வையும் எதிரழுத்தத்தையும் ஒரே நேரத்தில் கொடுக்கிறது. 'சோனு' என்ற நெற்றிப்பட்டை இன்னும் ஒரு படி மேலே போகிறது. செல்போன் கேமராவால் முகத்தை ஸ்கேன் செய்து, உங்கள் சைனஸ் அறைகளுக்கு எந்த அதிர்வெண் பொருந்தும் என்று செயலி கணக்கிடுகிறது. பட்டை அந்த அதிர்வை எலும்பு வழியாக அனுப்புகிறது. சுவீடனில் ஒரு மெல்லிய பலூனை மூக்குக்குள் செலுத்தி, அதை அதிரவைக்கும் முறை வந்தது. அது கிளினிக்கில் செய்வது, அதுவும் அலர்ஜி இல்லாத மூக்கழற்சிக்காக.

மூன்றாவது ரகத்தில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சு இழுக்கும் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கருவிகள் இவை. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் தொங்கும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டரும் உறிஞ்சுகிற ரகம்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆழமாக மூச்சிழுக்கப் பழக்குவதற்காக வந்தது. நம் வீடுகளில் பாதிப்பேர் அதை ஊதிக்கொண்டிருக்கிறார்கள், பந்து ஏன் எழும்பவில்லை என்ற கவலையோடு.

■ பெட்டிச் செய்தி: எந்தக் கருவி, எதற்கு?

ஃப்ளட்டர், அகபெல்லா, பெப் முகமூடி: நுரையீரலில் தேங்கும் சளியை வெளியேற்ற. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ளவர்களுக்கு.

மூக்கு அதிர்வுக் கருவி, நெற்றிப்பட்டை: மூக்கடைப்பைத் தற்காலிகமாகத் தளர்த்த.

உறிஞ்சும் தசைப்பயிற்சிக் கருவி: மூச்சுத்தசை பலத்துக்கு.

மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மூச்சுப் பயிற்சிக்கு.

சி-பேப் (முகமூடி வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் கருவி): தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்கு.

ஆஸ்துமாவின் அழற்சியைக் குறைக்க: இவற்றில் எதுவும் இல்லை.

'ம்ம்ம்...' என்றால் என்ன நடக்கிறது?

மூக்கு விஷயத்தில் இந்தக் கருவிகளைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது.

முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் அறைகள், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள துளைகளால் மூக்கோடு இணைந்திருக்கின்றன. சாதாரணமாக மூச்சு விடும்போது அறைக்குள் இருக்கும் காற்று பெரிதாக அசைவதில்லை. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகினால் கதை மாறுகிறது. காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதும்போது உள்ளிருக்கும் காற்று கூடவே அதிர்வதுபோல, சைனஸ் காற்று துளை வழியாக முன்னும் பின்னும் பாய்கிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் எடி வைட்ஸ்பெர்க், யோன் லுண்ட்பெர்க் இருவரும் 2002-ல் இதை அளந்து காட்டினார்கள். சைனஸில் உற்பத்தியாகும் நைட்ரிக் ஆக்சைடு வாயு, முனகும்போது சாதாரண மூச்சைவிட 15 மடங்கு அதிகமாக மூக்கு வழியே வந்தது.

இந்த ஆய்வு வந்த நாளிலிருந்து பிராமரி பிராணாயாமத்துக்குப் புது மவுசு. வண்டுபோல ரீங்கரித்து மூச்சு விடும் அந்தப் பயிற்சியை நம் யோகா வகுப்புகளில் தினமும் செய்கிறார்கள். ஹடயோகப் பிரதீபிகையிலேயே அது இருக்கிறது. செய்யட்டும், தவறே இல்லை, காசும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஸ்டாக்ஹோமில் அளந்தது வாயுவை, நோயை அல்ல. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நுரையீரல் டாக்டர் 'ஃபீனோ' என்றொரு பரிசோதனை எழுதிக் கொடுப்பார். மூச்சுக்குழாயிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடைத்தான் அது அளக்கிறது. அங்கே எண் கூடினால் அழற்சி கூடியிருக்கிறது என்று அர்த்தம். மூக்கில் கூடினால் கொண்டாட்டம், மார்பில் கூடினால் எச்சரிக்கை. 'நைட்ரிக் ஆக்சைடை அதிகரிக்கும்' என்ற விளம்பர வரியில் இந்த வித்தியாசம் இருக்காது.

சார்ல்ஸ்டன் கருவி பற்றிய ஆய்வு 2020-ல் வெளியானது. சில வாரங்கள் பயன்படுத்தியவர்களின் மூக்கடைப்பு குறைந்தது, மூக்கு வழியே இழுக்கும் காற்றின் வேகம் கூடியது. நெற்றிப்பட்டையை, அதிராத போலிப் பட்டையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2024-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதியும் கொடுத்தது: 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மூக்கடைப்புக்கு.

மூக்கடைப்புக்கு. அந்த ஒற்றைச் சொல்லைத் தாண்டி அனுமதி நகரவில்லை. அலர்ஜி உள்ளவருக்குத் தும்மலும் மூக்கரிப்பும் கண்ணரிப்பும் வருவது, தூசிப்பூச்சியையோ மகரந்தத்தையோ எதிரி என்று உடல் முடிவு கட்டி ஹிஸ்டமினைக் கொட்டுவதால். அதிர்வு அந்த முடிவை மாற்றுவதில்லை. வீங்கிய சதையைக் கொஞ்ச நேரம் வற்றவைக்கிறது, சளியை நகர்த்துகிறது. மூலகாரணம் மெத்தையிலும் தலையணையிலும் அப்படியே இருக்கிறது.

'எனக்கு அஞ்சே நிமிஷத்துல மூக்கு தொறந்துடுச்சு' என்கிற அனுபவ வாக்குமூலங்களை நம்புவதற்கு முன் மூக்கின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நாசி சற்று அடைத்துக்கொள்ளும், இன்னொன்று திறக்கும், பிறகு மாறும். எல்லோருக்கும் இயல்பாக நடப்பது இது. வேகமாக நடந்தாலே மூக்கு விடும். மெந்தால் தடவினால் காற்றோட்டம் கூடாமலேயே கூடியதுபோலத் தோன்றும். தானாகத் திறக்கப்போகிற மூக்கை, நாம் கருவியை வைத்திருந்த நேரத்தில் திறந்தது என்பதற்காகக் கருவியின் கணக்கில் எழுதிவிட முடியாது. போலிக் கருவியோடு ஒப்பிடாத ஆய்வை நான் பாதி ஆய்வாகத்தான் மதிக்கிறேன்.

ஆனாலும் ஓர் இடத்தில் இந்தக் கருவிகளுக்கு என் ஓட்டு உண்டு. மூக்கடைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் சொட்டு மருந்து இருக்கிறதே, ஆக்ஸிமெடசோலின், சைலோமெடசோலின் வகை, அதை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மூக்கு அதற்கே அடிமையாகிவிடும். சொட்டு விட்டால் திறக்கும். இறங்கியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும். வருடக்கணக்கில் தலையணைக்கு அடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் அதிலிருந்து வெளிவர, டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு ஸ்பிரேயோடும் உப்புநீர்க் கழுவலோடும் ஓர் அதிர்வுக் கருவியும் துணைக்கு இருந்தால் நல்லதுதான். ஸ்பிரே முழுப்பலன் தரச் சில நாட்கள் ஆகும். அந்தப் பொறுமையில்லாத நாட்களுக்கு உதவும்.

மார்பில் கதை வேறு

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மூக்கு அலர்ஜியும் இருக்கும். மூக்கைக் கவனித்தால் ஆஸ்துமாவும் ஓரளவு கட்டுக்குள் வரும் என்பதும் உண்மை. விற்பனைக்காரர்கள் இந்த உண்மையின் முதுகில் ஏறித்தான் மார்புக்குள் நுழைகிறார்கள்.

ஆஸ்துமாவில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. மூச்சுக்குழாயின் உள்சுவர் அழற்சியால் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி சுரக்கிறது. அதிர்வும் எதிரழுத்தமும் மூன்றாவதில் மட்டும்தான் கை வைக்க முடியும். பெரும்பாலான ஆஸ்துமா நோயாளிகளுக்கு அன்றாடப் பிரச்சினை முதல் இரண்டும்தான்.

'தசையை நீட்டினால் இறுக்கம் தளரும் அல்லவா?' என்று விஞ்ஞானிகளே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க சி-பேப் அழுத்தத்தில் குழாயை விரித்து வைத்தால் அதன் முரட்டுத்தனம் குறையுமா? சின்னச் சின்ன ஆய்வுகள் நம்பிக்கை கொடுத்தன. பிறகு அமெரிக்காவில் 194 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, 12 வாரம் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு 10 சென்டிமீட்டர் நீரழுத்தம், இன்னொன்றுக்கு 5, மூன்றாவதுக்குப் பெயருக்கு ஒன்றுக்கும் குறைவு. முடிவு 2016-ல் வந்தது: குழுக்களுக்கிடையே வித்தியாசமே இல்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு தூங்கப் பலருக்கு மனமும் இல்லை. அழகான கோட்பாடு ஒன்று ஆய்வுக்கூடத்திலிருந்து படுக்கையறைக்கு வந்ததும் படுத்துவிட்டது.

உறிஞ்சும் பயிற்சிக் கருவிகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பாய்வில் தேறியவை ஐந்தே ஆய்வுகள், மொத்தம் 113 பேர். மூச்சுத்தசை பலம் கூடியது. ஆஸ்துமா குறைந்ததா என்று முடிவு கட்ட அது போதவில்லை.

இதற்கெல்லாம் நடுவில், கருவியே இல்லாத மூச்சுப்பயிற்சி எவ்வளவோ தேவலாம் என்று நிரூபித்திருக்கிறது. பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள 655 பேரிடம் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், மெதுவாக, மூக்கு வழியாக, வயிற்றை அசைத்து மூச்சுவிடக் கற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றவர்களுக்குக் கிடைத்த அதே பலன், டிவிடியையும் கையேட்டையும் வைத்துக்கொண்டு வீட்டில் கற்றவர்களுக்கும் கிடைத்தது, செலவு குறைவு. ஆனால், நுரையீரலின் செயல்திறன் மாறவில்லை. அழற்சியும் மாறவில்லை. நோயோடு இருப்பது சுலபமானது. நோய் இருந்த இடத்தில் இருந்தது. அந்த ஆய்வாளர்கள் யாரும் இன்ஹேலரை நிறுத்தச் சொல்லவில்லை.

'மருந்தில்லா' என்ற ஆபத்து

நீல இன்ஹேலர் எல்லோருக்கும் தெரியும். அடித்தால் சில நிமிடங்களில் மூச்சு விடும். பல ஆண்டுகள் உலகமெங்கும் லேசான ஆஸ்துமாவுக்கு அதை மட்டுமே எழுதினார்கள். 2019-ல் 'ஜினா' என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: நீல இன்ஹேலரை மட்டும் நம்பி ஆஸ்துமாவைச் சமாளிக்காதீர்கள், ஸ்டீராய்டு இன்ஹேலர் கூட இருந்தே ஆக வேண்டும். காரணம் எளிது. நீலம் தசையைத் தளர்த்தி நிம்மதி தருகிறது. உள்ளே அழற்சி ஓசையில்லாமல் வளர்கிறது. நிம்மதியே நோயை மறைத்துவிடுகிறது. ஒருநாள் பெரிய தாக்குதல் வரும்போது நீலமும் கைவிடுகிறது.

நிஜமாகவே மூச்சுக்குழாயை விரிக்கிற ஒரு மருந்தே தனியாக இருந்தால் ஆபத்து என்னும்போது, மூச்சுக்குழாயை விரிக்காமல் மூக்கை மட்டும் திறந்து 'நல்லாயிடுச்சு' என்ற உணர்வைக் கொடுக்கும் கருவியை என்னவென்று சொல்வது?

இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை இருக்கிறது. 2019-ம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இந்தியர். ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ, பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்தியர். நம் நோய் மற்றவர்களுடையதைவிடக் கொடியது என்பதால் அல்ல. தினசரி எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை நம்மில் மிகச் சிலரே எடுக்கிறோம்.

ஏன் எடுப்பதில்லை என்பதற்கு டாக்டர்களிடம் நீண்ட பட்டியல் இருக்கிறது. 'பம்பு பழக்கிட்டா விட முடியாது.' 'ஸ்டீராய்டு, கிட்னி போயிடும்.' 'பொண்ணு பார்க்க வரப்போறாங்க, இதை உள்ள எடுத்து வை.' 'கடைசி ஸ்டேஜ்லதான் பம்பு குடுப்பாங்க.' பள்ளிக்கூடப் பையில் இன்ஹேலரை வைத்துவிட்டு, 'யாருக்கும் தெரியாம பாத்ரூம்ல போய் அடிச்சுக்கோ' என்று சொல்லியனுப்பும் பெற்றோர் உண்டு. இந்த வெட்கத்தின் மேல்தான் சந்தை நிற்கிறது. இன்ஹேலரை ஒளித்துவைக்கிறவர்கள் அதிர்வுக் கருவியை ஹாலில், டி.வி. பக்கத்தில் வைக்கிறார்கள். ஒன்று நோயாளி என்று காட்டிக்கொடுக்கிறது. மற்றொன்று உடம்பைப் பேணுகிறவர் என்று சொல்கிறது. ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஆஸ்துமாவுக்காக உயிர்மீனை விழுங்க நாம்பள்ளித் திடலில் கூடும் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் படித்த குடும்பங்கள், ஆன்லைனில் 'வாங்கு' பொத்தானை அழுத்துவதும் அதே ஆசையில்தான்.

ஸ்டீராய்டு பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஹேலரின் ஓர் இழுப்பில் வருவது பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம். இன்ஹேலரைத் தவிர்த்து, நோய் முற்றி, அவசரப் பிரிவுக்குப் போகிறவருக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்து, வீரியமும் வேறு. ஆனாலும் இழுப்பது நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது, விழுங்குவது உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை விட்டவர்தான் கடைசியில் அதிக ஸ்டீராய்டை விழுங்குகிறார்.

தாக்குதல் வந்த நேரத்தில் ஊதச் சொல்வது இன்னும் மோசம். ஆஸ்துமா தாக்குதலில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். பழைய காற்று வெளியேறும் முன் புதுக்காற்று வந்து நுரையீரல் உப்பி நிற்கும். அந்த நிலையில் எதிரழுத்தம் வைத்த குழாயை வாயில் திணித்து, 'ஊதும்மா, இன்னும் பலமா ஊது' என்றால், களைத்துப்போன தசைக்கு மேலும் சுமை. பலமாக ஊதுவதே சிலருக்குக் குழாயை இன்னும் இறுக்கிவிடும். நுரையீரல் பரிசோதனைக் கூடத்திலேயே அடுத்தடுத்து ஊதச் சொல்லும்போது சிலருக்கு இழுப்பு வருவது இதனால்தான்.

■ பெட்டிச் செய்தி: கருவியைக் கீழே வையுங்கள், 108-ஐ அழையுங்கள்

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை.

உதடோ நகமோ நீலம் பாய்கிறது.

படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறது.

நிவாரண இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை, அல்லது அடங்கிச் சிறிது நேரத்தில் திரும்புகிறது.

'வீசிங்' சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. ஆனால் ஆள் தெளியவில்லை, சோர்ந்து போகிறார். இது குணமான அறிகுறி அல்ல. காற்றோட்டமே குறைந்துவிட்டது என்று பொருள்.

ஊதித்தான் ஆக வேண்டும் என்றால்

ஆஸ்துமா உள்ள வீட்டில் ஊதுவதற்கு ஒரு கருவி அவசியம் இருக்க வேண்டும். ஆனால் அது எந்த நோயையும் குணப்படுத்தாது. பீக் ஃப்ளோ மீட்டர்: ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு முள், ஓரத்தில் அளவுக்கோடுகள். இதன் மூத்த வடிவத்தை 1959-ல் மார்ட்டின் ரைட் என்பவர் பிரிட்டனில் உருவாக்கினார். நின்றுகொண்டு, முழு மூச்சு இழுத்து, ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, பெரிய எண்ணைக் குறிக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் வரும் உங்கள் சிறந்த எண்ணில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பச்சை, 50-க்கும் 80-க்கும் நடுவில் மஞ்சள், 50-க்குக் கீழே சிவப்பு. இருமல் தொடங்கும் முன்பே எண் சரியத் தொடங்கிவிடுவதும் உண்டு. அதிர்வுக் கருவிக்குக் கொடுக்கும் விலையில் சிறு பகுதிக்கு இது கிடைக்கும். ஆனால் விளம்பரம் கிடையாது. நெட்டில் யாரும் இதை ஊதி ரீல்ஸ் போடுவதில்லை.

அதிர்வுக் கருவிகளின் உண்மையான பயனாளிகள் வேறொரு வரிசையில் நிற்கிறார்கள். காசநோய் குணமான பிறகு மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோய், அதில் சளி தேங்கி, மாதக்கணக்கில் இருமுகிறவர்கள். இந்தியாவின் மூச்சுக்குழாய் விரிவு நோய்ப் பதிவேட்டிலிருந்து 2019-ல் வெளியான ஆய்வில் 2,195 பேர் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் காசநோயின் மிச்சத்தால் வந்தது. எஃகு குண்டு உருளும் குழாய் நம் நாட்டில் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். காலையில் ஊதி, சளியைத் தளர்த்தி, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் 'ஹஃப்' இருமலில் வெளியே கொண்டுவந்தால் அன்றைய பொழுது லேசாகும். இவர்களில் பலர் கூலித் தொழிலாளிகள். அமெரிக்காவிலிருந்து கருவி அனுப்ப இவர்களுக்குத் தம்பி இல்லை. மத்தியதர வர்க்கத்து ஹாலில் அலங்காரமாக இருப்பது, தேவைப்படுகிறவரின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். சங்கு ஊதினால் தூக்கத்தில் மூச்சடைப்பு குறைகிறது என்று ஜெய்ப்பூரில் 30 பேரிடம் செய்த ஓர் ஆய்வு 2025-ல் வெளியாகி, வாட்ஸ்அப்பில் அது 'ஆஸ்துமா போயே போச்சு' என்று வளர்ந்தது. தூக்கத்தில் மூச்சடைப்பு வேறு, ஆஸ்துமா வேறு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி இந்த விஷயத்தில் வாட்ஸ்அப்தான்.

பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

'எஃப்.டி.ஏ. ரிஜிஸ்டர்டு' என்ற வார்த்தையைப் பல பெட்டிகளில் பார்க்கலாம். அதற்கு அர்த்தம், தயாரிப்பாளர் தன் பெயரையும் பொருளையும் அமெரிக்க நிர்வாகத்தின் ஏட்டில் பதிந்திருக்கிறார் என்பது மட்டுமே. பதிவு வேறு, பலனைச் சோதித்துக் கொடுக்கும் அனுமதி வேறு. ஆபத்து குறைந்த முதல் வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்சோதனையே தேவையில்லை.

நம் நாட்டில் 2017-ம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் இருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்துக்குச் சமம். ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபரிலிருந்தும் உரிமம் கட்டாயம். ஏ வகையில் கிருமிநீக்கம் செய்யப்படாத, அளவெடுக்காத எளிய கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு, பதிவு மட்டும் போதும். 'இது மருத்துவக் கருவியே அல்ல, ஆரோக்கிய சாதனம்' என்று எழுதிவிட்டுத் தப்பிக்கிறவர்களும் உண்டு. ஆஸ்துமாவைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. மாத்திரை சொன்னால் குற்றமான வாக்கியத்தைக் கருவிக்காரர்கள் யூடியூப்பில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதைக் கேட்பாரில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப்போட வேண்டியதில்லை. மூக்கடைப்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், இன்ஹேலரையும் ஸ்பிரேயையும் நிறுத்தாதவரை. அண்மையில் மூக்கு, காது, கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்கள், இருமலில் ரத்தம் காண்பவர்கள், நுரையீரல் உறை கிழிந்து காற்று கசிந்த வரலாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் ஊதக் கூடாது. கருவியை ஒவ்வொரு முறையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். ஈரமான குழாயில் சூடோமோனாஸ் மாதிரியான கிருமிகள் குடியேறும். அடுத்த நாள் அதே குழாய்தான் வாய்க்குப் போகிறது. ஒரே கருவியைக் குடும்பமே பங்குபோடுவதும் வேண்டாம். உப்புநீரால் மூக்கு கழுவுகிறவர்கள் குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது, கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அது உயிர்களைப் பறித்திருக்கிறது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான் வேண்டும்.

கருவியைப் பயன்படுத்தி மூச்சிரைப்பு கூடியதா, ரத்தம் வந்ததா? கடைக்காரரிடம் சண்டை போடுவதோடு விட்டுவிடாதீர்கள். மருத்துவக் கருவிகளின் பாதகங்களைப் பதிவுசெய்ய 2015-லிருந்து 'மெட்டீரியோவிஜிலென்ஸ்' என்றொரு தேசியத் திட்டம் நடக்கிறது; காஸியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் அதை நடத்துகிறது. நோயாளியே நேரடியாகப் புகார் சொல்லலாம். கட்டணமில்லா எண்: 1800-180-3024. பேசும்போது கருவியின் பெயர், தயாரிப்பு எண், வாங்கிய தேதி மூன்றும் கையில் இருக்கட்டும். பெட்டியை அதற்காகவாவது பத்திரப்படுத்துங்கள்.